வீட்டுப் பட்டறையில் மேசை ரம்பம்

நம் கிராமங்களில் தச்சுத் தொழில் மிகத் தொன்மையானது. கலப்பை, மாட்டு வண்டி, கதவு நிலை ஆகிய யாவும் ஊர்த் தச்சரின் கையில் உருவாயின. மரத்தைக் குறுக்குவாக்கில் உயர்த்திக் கட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று பெரிய ரம்பத்தை இழுத்து அறுத்த காலத்தை முதியோர் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பர். இன்று கலப்பையின் இடத்தை டிராக்டர் பிடித்துவிட்டது. எனினும் கதவு, ஜன்னல், கட்டில், பெஞ்சு, தேனீப் பெட்டி, கோழிக் கூண்டு ஆகியவற்றின் தேவை குறையவில்லை. அவற்றைச் செய்யும் பட்டறைகளில், பல வேளைகளில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய கொட்டகைகளிலும், மின்சாரத்தால் ஓடும் மேசை ரம்பம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த யந்திரத்தை வாங்குவது எளிது. அதிலிருந்து முழுப் பயனைப் பெறுவது அவ்வளவு எளிதன்று. ‘முழுப் பயன்’ என்று நாம் குறிப்பது அதிக வேகத்தை அன்று. ஒரே பலகையிலிருந்து ஒரு சட்டம் கூடுதலாகக் கிடைத்தல், அறுத்த பக்கம் இழைப்புளிக்கு அதிக வேலை வைக்காமல் இருத்தல், வேலை செய்தவர் மாலையில் பத்து விரல்களோடு வீடு திரும்புதல் ஆகிய மூன்றுமே முழுப் பயனாகும். இம்மூன்றும் ஒரே பழக்கத்திலிருந்து பிறப்பவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

யந்திரத்தின் உறுப்புகள்

மேசை ரம்பத்தின் அமைப்பு எளியது. சமதளமான ஓர் இரும்பு மேசை. அதன் நடுவிலுள்ள பிளவின் வழியே மேலெழும் வட்டப் பிளேடு. அதைச் சுழற்றும் மோட்டார். மேசையின்மீது பிளேடுக்கு இணையாக நிற்கும் நீண்ட சட்டத்தைத் தொழிலாளர் ‘கைடு’ என்பர். பலகையை நீளவாக்கில் கிழிக்கும்போது இது வழி காட்டும். மேசையில் பிளேடுக்கு இணையாக வெட்டப்பட்ட பள்ளத்தில் ஓடும் கோண அளவி, குறுக்காக அறுப்பதற்கு உரியது. பிளேடுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அறுபட்ட பிளவு மீண்டும் மூடிப் பிளேடைக் கவ்வாதபடி அது காக்கும். இதனை நாம் பிளவுத் தகடு என்போம். இவற்றுக்கெல்லாம் மேலே காப்பு மூடி இருத்தல் வேண்டும்.

பல பட்டறைகளில் பிளவுத் தகடும் காப்பு மூடியும் யந்திரம் வந்த சில நாட்களிலேயே கழற்றப்பட்டு மூலையில் கிடக்கக் காண்கிறோம். வேலைக்கு இடைஞ்சல் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். இவ்வாறு கழற்றி வைப்பது எத்தகைய கேடு என்பதைப் பின்னர் விளக்குவோம்.

முதலில் நேர் பார்த்தல்

கோணலான ரம்பத்தில் எத்துணைத் திறமையுள்ளவரும் நேராக அறுக்க இயலாது. ஆகையால் மாதம் ஒருமுறையேனும் யந்திரத்தை நேர் பார்க்க வேண்டும். மின் இணைப்பைப் பிளக்கிலிருந்து கழற்றிய பின்னரே இவ்வேலையைத் தொடங்குக. ஸ்விச்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளம் இடுக. அப்பல்லை முன்புறம் கொண்டுவந்து, மேசைப் பள்ளத்தின் ஓரத்திலிருந்து அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அளந்துகொள்க. பின்னர் பிளேடைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்புறம் கொண்டுசென்று மறுபடியும் அளக்க. இரண்டு அளவுகளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வெவ்வேறு பற்களை அளந்தால் பிளேடின் வளைவும் கணக்கில் சேர்ந்து நம்மை ஏமாற்றிவிடும். ஒரே பல்லை அளக்கச் சொல்வது இதனாலேயே. வேறுபாடு இருப்பின் மேசையையோ பிளேடின் தண்டையோ தாங்கும் திருகாணிகளைத் தளர்த்திச் சரிசெய்தல் வேண்டும்.

பிளேடு நேரான பின், கைடு அந்தப் பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பார்க்க. கைடின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் மரம் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே நெருக்குண்டு கருகும், அபாயமும் நேரும். பின்முனை ஒரு காகிதத்தின் கனம், அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் விலகியிருந்தால் குற்றமில்லை. நெருங்கியிருத்தல் மட்டும் கூடாது. இறுதியாக, மூலை மட்டத்தைப் பிளேடின் தகட்டின்மேல் வைத்து, அது மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க. மூலை மட்டம் பல்லின்மேல் படாமல் தகட்டின்மேல் மட்டும் படவேண்டும்.

பிளேடும் வேகமும்

ஒரே பிளேடை எல்லா வேலைக்கும் உபயோகிப்பது நம்மவர் வழக்கம். நீளவாக்கில் கிழிப்பதும் குறுக்காக அறுப்பதும் இருவேறு வேலைகள். கிழிக்கும்போது நீண்ட நாராகத் தூள் வரும். அது வெளியேறப் பற்களுக்கிடையே அகன்ற பள்ளம் வேண்டும். 10 அங்குலப் பிளேடில் 24 பற்கள் இதற்கு ஏற்றவை. குறுக்காக அறுக்கும்போது நார்களைச் சீராக வெட்டவேண்டியிருப்பதால் 60 முதல் 80 பற்கள் வரை உள்ள பிளேடு நல்ல முகத்தைத் தரும். ஒன்றே வாங்க வசதியுள்ளோர் 40 பற்களுள்ள பிளேடைக் கொண்டு இரண்டையும் ஓரளவு செய்துகொள்ளலாம். தேக்கு மரத்தில் மணற்சத்து கலந்திருப்பதால் சாதாரண எஃகுப் பல் விரைவில் மழுங்கும். கார்பைடு முனை வைத்த பற்களே அதற்கு ஏற்றவை.

பிளேடின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பலகையின் மேல்முகத்துக்கு மேலே பல் மட்டும், அதாவது சுமார் 5 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். அரை அடி உயர்த்தி வைத்து அரை அங்குலப் பலகையை அறுப்பது, கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டாத கத்தியை நிறுத்தி வைப்பதை ஒக்கும்.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றுகள் சுழல்கிறது. மோட்டாரின் கப்பி 6 அங்குலம். பிளேடுத் தண்டின் கப்பி 3 அங்குலம். அப்போது பிளேடு நிமிடத்துக்கு 2,880 சுற்றுகள் சுழலும். 10 அங்குலப் பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 0.8 மீட்டர். ஆகவே பல்லின் வேகம் வினாடிக்கு 38 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 138 கிலோமீட்டர். ஒவ்வொரு பிளேடின்மீதும் அது தாங்கக்கூடிய அதிகச் சுற்றுகளின் எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கும். கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்ட விரும்புவோர், அந்த எண்ணைத் தாண்டாமலிருத்தல் மிக முக்கியம்.

அறுத்த பக்கம் கருகினால் உடனே பிளேடைக் குறை கூற வேண்டாம். கைடு கோணலாயிருத்தல், பல்லில் பிசின் படிந்திருத்தல், மரத்தை இடையில் நிறுத்தி நிறுத்தித் தள்ளுதல், பல் மழுங்கியிருத்தல் ஆகிய நான்கையும் இதே வரிசையில் ஆராய்க. பிசின் படிந்த பிளேடைக் கழற்றி, சோப்புக் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலர்த்தி மாட்டினால், பல வேளைகளில் சாணை பிடிக்கும் செலவே மிச்சமாகும்.

பலகையில் ஒரு சட்டம் கூடுதல்

இனி, மரத்தைச் சேமிக்கும் கணக்கு. ஒவ்வோர் அறுப்பிலும் பிளேடின் பல் அகலமளவு மரம் தூளாகிறது. சாதாரணப் பிளேடில் இது சுமார் 3 மில்லிமீட்டர்.

பஞ்சாயத்துப் பள்ளிக்குப் பெஞ்சுகள் செய்ய 12 அங்குல அகலமுள்ள பலகைகள் வந்திருப்பதாகக் கொள்வோம். 12 அங்குலம் என்பது 305 மில்லிமீட்டர். ஓர் ஓரத்தை நேராக்கியதில் 5 மில்லிமீட்டர் போயிற்று, மீதி 300. ஐம்பதாகப் பிரித்தால் ஆறு சட்டங்கள் வரும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் ஆறு சட்டங்களுக்கு ஐந்து அறுப்புகள் வேண்டும். அதற்கு 15 மில்லிமீட்டர் ஆகும். ஆகவே ஐந்து சட்டங்களே முழுதாகக் கிடைக்கும். ஆறாவது 35 மில்லிமீட்டர் அகலத்தில் குறைபட்டு நிற்கும்.

வேலைக்கு 47 மில்லிமீட்டர் போதுமென்றால், ஆறு சட்டங்களுக்கு 282, அறுப்புக்கு 15, ஆக 297. ஆறும் முழுதாகக் கிடைத்துவிடும். பத்துப் பலகையில் பத்துச் சட்டங்கள் மிச்சம். யந்திரத்தைத் தொடுமுன் காகிதத்தில் போட்ட ஐந்து நிமிடக் கணக்கின் ஊதியம் இது. பல் அகலம் 2.2 மில்லிமீட்டராக உள்ள மெல்லிய பிளேடை மாட்டினால் ஒவ்வொரு சட்டத்தையும் 48 மில்லிமீட்டர் அகலத்துக்கே எடுக்கலாம். சிறிய மோட்டாருக்கும் அத்தகைய பிளேடு பாரம் குறைவானது. ஆனால் பிளவுத் தகட்டின் கனம், பிளேடுத் தகட்டின் கனத்துக்கும் பல்லின் அகலத்துக்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும். மெல்லிய பிளேடுக்குக் கனத்த பிளவுத் தகடு பொருந்தாது. மரம் அதில் முட்டி நின்றுவிடும்.

ஈரமரத்தை அறுத்தால் இக்கணக்கெல்லாம் வீணாகும். இன்று 47 ஆக இருந்த சட்டம் உலர்ந்தபின் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். ஒரு சிறு துண்டை வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே அந்த மரத்தை வேலைக்கு எடுத்தல் நலம். பழைய வீடுகளிலிருந்து பிரித்த தேக்கு உத்தரங்களையும் சட்டங்களையும் அறுக்குமுன் ஒரு காந்தத்தை அவற்றின்மேல் ஓட்டி, மறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிடுக. ஓர் ஆணி போதும், பிளேடின் பற்கள் தெறிக்க.

உருட்டுக்கட்டையை மேசை ரம்பத்தில் அறுத்தல் ஒருபோதும் ஆகாது. தட்டையான அடிப்பக்கமும் நேரான ஓரமும் இல்லாத மரம் மேசையில் உருளும். கட்டைகளை உரிமம் பெற்ற மர அறுவை ஆலையில் பலகையாக்கிக் கொண்டுவந்த பின்னரே வீட்டு ரம்பத்துக்கு வேலை.

எகிறல் என்னும் அபாயம்

மேசை ரம்பத்தில் விபத்து என்றால் பலரும் பிளேடில் கை படுவதை மட்டும் நினைப்பர். கையைப் பிளேடுக்கு இழுத்துச் செல்லும் வேறொரு காரணம் உண்டு. பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி மேசையில் அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் மூடிக்கொண்டாலோ, கைடிலிருந்து விலகித் திரும்பினாலோ, பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி, நிற்பவரை நோக்கி எறிந்துவிடும். மரம் எறியப்படும் அந்தக் கணத்தில், அதைப் பற்றியிருந்த கை பிளேடின்மேல் விழக்கூடும். முன்னர்க் கணக்கிட்ட பல்லின் வேகத்தை நினைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கையை இழுத்துக்கொள்ள அவகாசமே இராது.

மூலையில் கிடக்கும் பிளவுத் தகட்டின் அருமை இங்கேதான் புலப்படும். பிளவு மூடாமலும், மரம் பின்பக்கப் பற்களை எட்டாமலும் தடுப்பது அந்தத் தகடே. அதனோடு பின்வரும் விதிகளையும் கைக்கொள்ள வேண்டும்.

கைடையும் கோண அளவியையும் ஒரே சமயத்தில் பற்றுக்கோடாகக் கொண்டு துண்டு அறுக்கலாகாது. அறுபட்ட துண்டு இரண்டுக்கும் இடையே சிக்கி எகிறும்.

கைடு, அளவி எதையும் பற்றாமல் வெறுங்கையால் மரத்தைத் தள்ளலாகாது.

பிளேடுக்கு நேர் பின்னால் நில்லாமல், சற்றே ஒருபக்கமாக விலகி நிற்க.

பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கை செல்லவேண்டிய வேலை எதுவாயினும் தள்ளுகோலை உபயோகிக்க.

அறுபட்ட சிறு துண்டுகளை, பிளேடு முற்றிலும் நின்ற பிறகே எடுக்க.

கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை கூடா. கையுறை காப்பு என்று எண்ணுவது தவறு. பல்லில் அது சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். கண்ணாடி அணிதல் அவசியம்.

கைப்படச் செய்யக்கூடிய துணைக் கருவிகள்

விலை கொடுத்து வாங்காமல் பட்டறையிலேயே செய்துகொள்ளக்கூடிய மூன்று கருவிகள் ரம்பத்தின் பயனை இரட்டிப்பாக்கும். முதலாவது தள்ளுகோல். செருப்பின் அடிப்பாகம் போன்ற ஒரு பலகைத் துண்டில், பின்முனையில் சிறு குதிகால் விட்டு, மேலே கைப்பிடி அமைத்தால் போதும். குதிகால் மரத்தைத் தள்ளும். அடிப்பாகம் அதை மேசையில் அழுத்தும்.

இரண்டாவது, குறுக்கறுப்புக்கான தள்ளுப்பலகை. ஒரு ஒட்டுப்பலகையின் அடியில் மேசையின் இரு பள்ளங்களிலும் ஓடும்படி இரண்டு ரீப்பர்களைப் பொருத்தி, மேலே பிளேடுக்குச் சரியான செங்கோணத்தில் ஒரு தடுப்புச் சட்டம் வைக்க. மரம் பலகையோடு சேர்ந்து நகர்வதால் உரசி நழுவாது. தடுப்பில் ஒரு கட்டையை இறுக்கி வைத்துக்கொண்டால் நாற்பது கால்களையும் ஒரே நீளத்தில் அறுக்கலாம். ஒவ்வொன்றாக அளக்க வேண்டியதில்லை. செங்கோணம் சரியா என்றறிய ஓர் எளிய வழி உண்டு. அகன்ற பலகை ஒன்றை நடுவில் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை மட்டும் குப்புறப் புரட்டி, அறுத்த முகங்களை மீண்டும் பொருத்துக. நேரான மட்டச் சட்டத்தை ஒட்டி வைத்துப் பார்க்கையில் இடையே சந்து தெரிந்தால், அச்சந்து பிழையின் இரு மடங்காகும்.

மூன்றாவது, பிளேடுக்குப் பின்னால் மேசையின் உயரத்துக்கே அமைத்த ஒரு தாங்கு மேசை. எட்டடிப் பலகையின் முனை தொங்கினால் கை அதைப் பிடிக்க ஓடும். கவனம் பிளேடை விட்டு அகலும். இரண்டு கால்களும் ஒரு பலகையும் இக்குறையை நீக்கும்.

மின்சாரமும் தூளும்

2 குதிரைச் சக்தியுள்ள ஒற்றைப் பேஸ் மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 10 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். விளக்குக்கு இழுத்த மெல்லிய கம்பியிலும் சிறிய பிளக்கிலும் அதைப் பொருத்தினால் கம்பி சூடாகும். அழுத்தம் குறைந்து மோட்டாரும் கெடும். 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கேற்ற கனமுள்ள கம்பியும், நல்ல எர்த்தும் வேண்டும். மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது யந்திரம் தானே ஓடத் தொடங்காத வகை ஸ்விச்சைப் பொருத்துதல், அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில் மிகவும் அவசியம்.

விவசாயிகள் இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். பம்பு செட்டுக்கென அளிக்கப்பட்ட இணைப்பிலிருந்து ரம்பத்தை ஓட்டுதல் கூடாது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற மின்சாரத்தை வேறு நோக்கத்துக்கு உபயோகித்தால், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அதற்குரிய கட்டணத்தின் இருமடங்கு விதிக்கப்படும். பட்டறைக்குத் தனி இணைப்புப் பெறுவதே முறை.

மரத்தூளை அற்பமாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உறுதியான பொருள்களின் வகுப்பில் மரத்தூளையும் சேர்த்துள்ளது. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்க. சேர்ந்த தூளை வயலில் அப்படியே கொட்டினால், அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்துகொண்டு பயிரை வெளிறச் செய்யும். மாட்டுத் தொழுவத்தில் பரப்பிக் கோமியத்தை உறிஞ்சச் செய்து, சாணத்தோடு எருக்குழியில் இட்டு மக்கவைத்தால் நல்ல எருவாகும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், யந்திரங்களின் அபாயமான பகுதிகளுக்குக் காப்பு இருத்தல் வேண்டுமென்று விதித்தது. ஆனால் மின்விசையோடு 10 பேரேனும் வேலை செய்த இடங்களுக்கே அது பொதுவாகப் பொருந்தியது. தந்தையும் மகனும் நடத்தும் வீட்டுப் பட்டறையை எந்த ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை. ஆகவே அங்கே காப்பு மூடி இருக்கிறதா என்று கேட்கும் கடமை ஊராருடையதே.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியவை பல. பள்ளி பெஞ்சு, அங்கன்வாடிப் பலகை ஆகிய வேலைகளை உள்ளூர்ப் பட்டறையிடம் ஒப்படைக்கும்போது, பிளவுத் தகடும் காப்பு மூடியும் பொருத்திய யந்திரத்தில் செய்யவேண்டுமென்று கோரலாம். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரை அழைத்து, ஊர்த் தச்சர்களுக்கு ஒருநாள் நேர்முகப் பயிற்சி நடத்தலாம். புதிய யந்திரம் வாங்க விரும்புவோரை மாவட்டத் தொழில் மையத்துக்கு அனுப்பிக் கடன் வசதிகளை அறியச் செய்யலாம்.

முதலுதவி முறையையும் ஊரில் அனைவரும் அறிந்திருத்தல் நன்று. விரல் துண்டிக்கப்பட்டால், காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க. துண்டான விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைக்க. விரலைப் பனிக்கட்டியில் நேரடியாகப் புதைக்கலாகாது. 108க்குச் சொல்லி, காயமடைந்தவரோடு அதையும் தாமதமின்றி அனுப்பினால் மீண்டும் பொருத்த வாய்ப்பு உண்டு. மஞ்சள், காப்பித்தூள் முதலியவற்றைக் காயத்தில் அப்புவதால் மருத்துவரின் வேலை கடினமாகும்.

தச்சருக்கு யந்திரத்தைக் காட்டிலும் மதிப்புடையவை அவருடைய கைகள். மழுங்கிய பிளேடை மாற்ற முடியும். வளைந்த கைடை நிமிர்த்த முடியும். கற்ற கையின் ஒரு விரல் போனால், அவரை நம்பியிருக்கும் குடும்பத்தின் வருவாயும் அதனோடு போகும். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள், தத்தம் ஊர்ப் பட்டறைக்கு ஒருமுறை சென்று, மூலையில் பிளவுத் தகடு கிடந்தால் அதைத் துடைத்தெடுத்து மறுபடியும் அதன் இடத்தில் பொருத்தச் செய்வார்களாக. அதற்கு ஒரு ஸ்பானரும் பத்து நிமிடமும் போதும்.